கோட்டைக்குள் ஓமம் வளர்க்கலாமா?

வாசகி கேள்வி: மகளுக்கு 29 வயது, வைத்தியசாலையில் வேலை. மாப்பிள்ளை வெள்ளைக்காரப் பெடியன், தங்கமானவர். கலியாணத்தை ஒரு பழைய கோட்டை ஹோட்டலில்தான் வைக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். லண்டனிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். போய்ப் பார்த்தேன், எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் ஐயர் வந்து ஓமம் வளர்த்துத் தாலி கட்ட வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் பக்கத்தில் மட்டும் 300 பேருக்குச் சொல்லாமல் விட முடியாது. எழுத்தையும், அதுதான் சட்டப்படியான கலியாணப் பதிவையும், அன்றைக்கே அங்கேயே முடிக்கலாம் என்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மம்மா சக்கர நாற்காலியில் வருவார். ஹோட்டல்காரர் திகதியைப் பத்து நாள்தான் பிடித்து வைப்பார்களாம், அதற்குள் அட்வான்ஸ் கட்டட்டாம். என் கணவர் வாயே திறக்கிறார் இல்லை. கட்டலாமா?
– ஒரு தாய், ஹரோ

பதில்:

அன்புள்ள அக்காவுக்கு,

இன்னும் கட்ட வேண்டாம். பத்து நாள் போதும், ஆனால் அந்தப் பத்து நாளுக்குள் நீங்கள் எழுத்தில் வாங்க வேண்டிய பதில்கள் சில இருக்கின்றன.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் 300 பேரும் மாப்பிள்ளை பக்கத்து ஆட்களும் ஒரு கோட்டை ஹோட்டலின் ஹோலுக்குள் அடங்கமாட்டார்கள். ஐயர், ஓமம், மேளம், மரக்கறிச் சாப்பாடு எல்லாம் பேசிச் சரிக்கட்டக் கூடியவை. தலைக்கணக்கு மட்டும் பேச்சில் தீராது.

கோட்டை என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது மதில். மேற்கு சசெக்ஸில் உள்ள அம்பர்லி கோட்டையை எடுங்கள். இன்று அது ஹோட்டல். 1377இல் சிச்செஸ்டர் ஆயர் வில்லியம் ரீட் அரச அனுமதி வாங்கி அதற்கு அரண் எழுப்பினார். மதில் ஏறக்குறைய 60 அடி உயரம். வாசலில் மேலிருந்து இறங்கும் கிராதிக் கதவு இன்னும் வேலை செய்கிறது. வெளியே நின்று பார்த்தால் ஊரையே கூப்பிடலாம் போலிருக்கும். உள்ளே போனால் அறைகள் ஓர் ஆயரும் அவருடைய பரிவாரமும் இருந்து சாப்பிடும் அளவுதான். பல கோட்டை ஹோட்டல்களில் மேசை போட்டு இருத்திச் சாப்பாடு கொடுக்கக் கூடிய கணக்கு நூறைச் சுற்றித்தான் நிற்கும். நிறைய இடங்களில் அதற்கும் கீழே.

இந்த எண்ணை மனேஜர் தன் மனசுக்குப் போடுவதில்லை. 2005ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்பு ஆணைப்படி, எத்தனை வாசல், எவ்வளவு அகலம், எத்தனை பேர் வெளியேறலாம் என்று கணக்குப் பார்த்துத்தான் அது வருகிறது. வாசலை அகலப்படுத்தலாமே என்றால் அதற்கும் வழியில்லை. இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் முதலாம் தரத்தில் இருப்பவை சுமார் 2.5 வீதம்தான். அம்பர்லி அதற்குள் வருகிறது. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட கட்டடத்தின் தன்மையை அனுமதி இல்லாமல் மாற்றுவது குற்றம். சோடனைக்காரர் ஓக் பலகையில் ஓர் ஆணி அடிக்க முன் மனேஜரின் முகம் மாறுவது இதனால்தான்.

குளொஸ்டர்ஷயரின் தோர்ன்பரி கோட்டையும் முதலாம் தரக் கட்டடம்தான். 1511இல் பக்கிங்ஹாம் கோமகன் கட்டத் தொடங்கினார். 1521இல் மன்னர் எட்டாம் ஹென்றி அவருடைய தலையை வாங்கிக் கோட்டையையும் எடுத்துக்கொண்டார். 1535இல் ஹென்றியும் அவருடைய ராணி ஆன் பொலினும் அங்கே வந்து தங்கினார்கள். மறுவருடம் மே மாதம் அவளுக்கும் அதே தலைவிதி. கலியாண விளம்பரத்துக்கு முதல் பாதிக் கதை போதும்.

வெளியே புல்வெளியில் பெரிய கூடாரம் போடலாம் என்று ஹோட்டல்காரர் சொல்வார். போடலாம். ஆனால் சில கோட்டைகளில் நிலமும் தொல்லியல் பாதுகாப்புக்குள் வரும். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே அனுமதியில்லாமல் மண்ணைத் தோண்டக் கூடாது, முளை அடிப்பதும் அதற்குள் வரலாம். பாரம் வைத்து நிறுத்தும் கூடாரம்தான் வழி. அதற்குத் தனி வாடகை, சூடாக்கி, ஜெனரேட்டர், கழிவறை வண்டி. கடைசியில் கோட்டைக்குக் காசு கட்டிவிட்டுக் கூடாரத்துக்குள் இருந்து சாப்பிடுகிற கதை. எனக்கு அது பிடிப்பதில்லை. உங்கள் மகள் அந்தக் கல்மண்டபத்தைப் பார்த்துத்தானே ஆசைப்பட்டார்?

இனி எழுத்து. இதில்தான் நம்மவர்கள் அதிகம் குழம்புகிறார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் கட்டடத்தைப் பார்க்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பதிவாளர் முன்னால் நடக்கும் கலியாணம் பொதுவாகப் பதிவு அலுவலகத்தில்தான். 1995 ஏப்ரலிலிருந்து கவுன்சில் அனுமதித்த ஹோட்டல்களிலும் கோட்டைகளிலும் நடத்த வழி திறந்தது. நிபந்தனை ஒன்று: அந்தச் சடங்கில் சமயம் கலக்கக் கூடாது. மந்திரம், தேவாரம் எதுவும் அதற்குள் வராது. ஆகவே மணவறையில் ஐயர் ஒரு பக்கம், பதிவாளர் ஒரு பக்கம் என்று ஒரே மூச்சில் முடிக்க முடியாது. பதிவாளர் தன் வேலையை முடித்துக்கொண்டு போன பிறகு தாலிகட்டு, அல்லது தாலிகட்டு முடிந்து தெளிவான இடைவெளி விட்டு எழுத்து. அதே நாள், அதே கோட்டை என்பதில் பிரச்சினை இல்லை.

தாலி மட்டும் கட்டிவிட்டு எழுத்தைப் பிறகு பார்ப்போம் என்று விடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அது வேண்டாம். கோட்டையில் ஐயர் நடத்தும் சடங்கு மட்டும் இந்தச் சட்டத்தின் கண்ணில் கலியாணமே இல்லை. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு நிக்காஹ் வழக்கில் இதைச் சொல்லிவிட்டது: பதிவில்லாத சமயச் சடங்கு செல்லுபடியற்ற கலியாணம் என்ற வகைக்குள் கூட வராது, ஆகவே பிரிந்தால் சொத்துக்கும் பராமரிப்புக்கும் விவாகரத்துச் சட்டத்தை நாட முடியாது. நம் தாலிக்கும் அதே கதிதான்.

நடைமுறையில் இரண்டு அலுவலகம். மகளும் மாப்பிள்ளையும் தாங்கள் குடியிருக்கும் பகுதியின் பதிவு அலுவலகத்துக்கு நேரே போய், கலியாணம் செய்யப்போகிறோம் என்று குறைந்தது 29 நாளுக்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது 12 மாதம் செல்லும். ஒருவருடைய குடிவரவு நிலையைப் பொறுத்து 70 நாள் வரை இழுக்கலாம், உங்கள் விஷயத்தில் அது வராது என்று நினைக்கிறேன். பதிவாளரை ஒழுங்கு செய்வதோ கோட்டை இருக்கிற மாவட்டத்துக் கவுன்சிலிடம். கோட்டைக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டுப் பிறகு பதிவாளரைக் கேட்டால் அந்தச் சனிக்கிழமை அவருக்கு வேறு நாலு கலியாணம் இருக்கும். முதலில் அங்கே எடுத்துக் கேளுங்கள். 2021 மே மாதத்திலிருந்து பதிவில் தாய்மாரின் பெயரும் வருகிறது, ஆகவே உங்கள் பெயரையும் தொழிலையும் சரியாக எழுதுகிறார்களா என்று பாருங்கள்.

ஐயரையே சட்டப்படியும் நடத்தி வைக்கச் சொல்ல வேண்டும் என்று மனம் கேட்டால் இரண்டு வழி. ஒன்று, கலியாணப் பதிவு அனுமதி உள்ள கோயில். எல்லாக் கோயிலுக்கும் அது இல்லை, கேட்டுப் பாருங்கள். மற்றது ஸ்கொட்லாந்து. அங்கே சட்டம் கட்டடத்தைப் பார்ப்பதில்லை, நடத்தி வைக்கிறவரைப் பார்க்கிறது. அதிகாரம் பெற்ற சமயத் தலைவர் கோட்டையிலும் நடத்தலாம், கடற்கரையிலும் நடத்தலாம். உங்கள் ஐயருக்கு அந்த அதிகாரம் இல்லையென்றால் தற்காலிக அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் இடமிருக்கிறது. எம்10 என்ற படிவத்தை மணநாளுக்கு மூன்று மாதத்துக்குள், 29 நாளுக்குப் பிந்தாமல் சேர்ப்பிக்க வேண்டும். ஹரோவிலிருந்து 300 பேரை அங்கே கூட்டிக்கொண்டு போவது வேறு கதை. 2022இல் இங்கிலாந்தின் சட்ட ஆணைக்குழுவும் இங்கே நடைமுறை அப்படி மாற வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. உங்கள் மகளின் கலியாணத்தை அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

ஓமத்துக்கு வருவோம். கோட்டைக்காரர் நெருப்பென்றால் ஏன் நடுங்குகிறார் என்று விளங்கினால்தான் அவருடன் பேச முடியும். 1992 நவம்பர் 20ஆம் திகதி வின்ட்சர் கோட்டையில் ஒரு வழிபாட்டு அறையில் விளக்கின் சூடு பட்டுத் திரைச்சீலை பற்றியது. 115 அறைகள் சேதம். திருத்த ஐந்து வருடமும் மூன்றரைக் கோடிப் பவுணுக்கு மேலும் போயின. அரச குடும்பத்தின் வீட்டிலேயே இப்படி. இன்னொன்று எனக்கு மறக்காதது. 2017 டிசம்பரில் லொக் லோமண்ட் ஏரிக்கரையில் ஒரு பழைய மாளிகை ஹோட்டலில் கணப்பிலிருந்து அள்ளிய சாம்பலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஓர் அலுமாரிக்குள் வைத்தார்கள். சாம்பலுக்குள் தணல் இருந்தது. விருந்தாளிகள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஓமகுண்டத்தைத் தண்ணீர் தெளித்து ஓரமாக வைப்பது நம் வழக்கம், அதைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை. மனேஜர் கேட்க முன்பே நீங்கள் சொல்லுங்கள்: இரும்பு வாளி, மூடி, கட்டடத்துக்கு வெளியே, மறுநாள்வரை.

'கோட்டைக்குள் தீ மூட்டலாமா' என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாக 'இல்லை' என்றுதான் வரும். குண்டத்தின் அளவு, அடியில் போடும் மணல் தட்டு, எத்தனை நிமிடம் எரியும், நெய்யும் சமித்தும் எவ்வளவு, பக்கத்தில் தீயணைப்புப் போர்வையோடு யார் நிற்பார் என்று ஒரு பக்கத்தில் எழுதி, குண்டத்தின் படத்தோடு அனுப்புங்கள். ஐயரோடு முதலே பேசிச் சின்னக் குண்டம், குறைந்த புகை என்று ஒத்துக்கொள்ள வையுங்கள். நல்ல ஐயர்மார் ஒத்துக்கொள்வார்கள். புகை அறியும் கருவியைக் குறித்த நேரத்துக்கு நிறுத்தி வைக்க ஹோட்டல் சம்மதிக்கிறதா, அவர்களுடைய காப்புறுதி நிறுவனம் சம்மதிக்கிறதா என்ற இரண்டும் தனித்தனிக் கேள்வி. மனேஜர் வாயால் 'பிரச்சினை இல்லை' என்றார் என்பது ஒன்றுக்கும் உதவாது. காப்புறுதியின் சம்மதம் காகிதத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாலிகட்டும் நேரத்தில் மணி அடித்து அத்தனை சனத்தையும் கூறைச்சேலையோடு முற்றத்தில் நிறுத்துவார்கள்.

உள்ளே விடவே மாட்டோம் என்றால் முற்றத்தில் மணவறை போடலாம். எழுத்தையும் 2021 ஜூலையிலிருந்து அனுமதி பெற்ற இடத்தின் வெளிவளவில் வைக்கலாம். முதலில் தற்காலிகம் என்றார்கள், பிறகு நிரந்தரமாக்கிவிட்டார்கள். வெளியே காற்றுக்கு மணவறைத் துணி குண்டத்துப் பக்கம் சாயாமல் இருக்கத் தீப்பிடிக்காத துணி என்ற சான்றிதழைச் சோடனைக்காரரிடம் கேளுங்கள். அம்மியைக் கல்தரையில் நேரே வைக்காமல் கம்பளத் துண்டு போடச் சொல்லுங்கள். பழைய சுண்ணக்கல்லில் மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் பட்டால் இலேசில் போகாது, துப்புரவுக்கென்று பிடிக்கும் காசு உங்களைத் திகைக்க வைக்கும். கன்னிக்காலும் பொன்னுருக்கலும் வீட்டில்தானே, அதில் கோட்டைக்கு வேலை இல்லை.

மேளம். ஹோட்டல்களில் சத்தம் அளவு தாண்டினால் மின்சாரத்தை வெட்டும் கருவி வைத்திருப்பார்கள். டீஜேக்கு அது போதும். தவிலுக்கு மின்சாரம் எதற்கு? கல்மண்டபத்துக்குள் கெட்டிமேளம் கொட்டினால் என்னவாகும் என்று கோட்டைக்காரருக்குத் தெரியாது, ஆகவே ஒரு வீடியோவைச் சத்தத்தோடு காட்டிவிடுங்கள். நாதஸ்வரக்காரரை முற்றத்திலோ மேல்மாடத்திலோ இருத்தினால் கேட்கவும் நன்றாயிருக்கும்.

திகதியில்தான் உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் காத்திருக்கிறது, கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கோட்டை ஹோட்டல்களில் மே முதல் செப்டெம்பர் வரைச் சனிக்கிழமைகள்தான் ஆக விலை. அதற்குள் உச்சமாக ஓடும் ஜூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் நடுவரை நமக்கு ஆடி. உங்களுக்கு அந்தத் திகதி வேண்டவே வேண்டாம். தையோ ஜனவரி நடுவில் பிறக்கிறது, அந்த மாதத்தில் கோட்டைகள் ஆளில்லாமல் கிடக்கும். தை மாதத்து வியாழனோ வெள்ளியோ என்றால் விலையில் பெரிய வித்தியாசம் வரும், பேரம் பேசவும் வாய் இருக்கும். குறை என்னவென்றால் வெளிச்சம். தையில் இங்கே எட்டு மணியளவில்தான் விடியும், ஐந்து மணியளவில் இருட்டிவிடும். கல்தரை காலில் குளிரும், மணவறையில் கம்பளம் தடிப்பாக வேண்டும். முற்றத்து யோசனையும் தையில் சரிவராது, ஆகவே ஓமம் உள்ளே என்ற சம்மதம் கிடைத்தால் மட்டும் தை.

யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தை வைத்து முகூர்த்தம் பார்க்க வேண்டாம். இராகு காலம் பகற்பொழுதின் எட்டில் ஒரு பங்கு. தையில் லண்டனில் அது ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், ஆனியில் இரண்டு. ஐயர் அந்த ஊர் விடியலுக்குக் கணிக்கட்டும். முன்பு எழுத்து காலை எட்டு முதல் மாலை ஆறு வரைதான் என்று சட்டம் இருந்தது, 2012 ஒக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். விடியப்புற முகூர்த்தம் என்றால் முதல்நாள் பின்னேரமே அறைகளும் ஹோலும் உங்கள் கையில் இருக்க வேண்டும். பொம்பிளைக்கு அலங்காரம் நாலு மணிக்குத் தொடங்கும், அன்றைக்கு மாலை மூன்று மணிக்குத்தான் அறை தருவோம் என்ற ஹோட்டலின் வழமையான கணக்கு நமக்குச் சரிவராது.

அம்மம்மாவின் விஷயத்தை நீங்கள் கேட்டதே மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் சந்தோசப்படுவார்கள். சக்கர நாற்காலியோடு ஒருவரை அழைத்துப்போய் வாசலிலிருந்து மணவறை, அங்கிருந்து சாப்பாடு, கழிவறை, படுக்கை அறை என்று உருட்டிப் பாருங்கள். 'அணுக வசதியுண்டு' என்ற வரியை நம்ப வேண்டாம், சுழல்படி சுழல்படிதான். சாப்பாட்டுக்கு ஒரு கேள்வி: வெளிச் சமையற்காரரை விடுவீர்களா, விட்டால் அடுப்படிக்கு எவ்வளவு? இரவு தங்கப் பயப்படுகிற மாமிமார் இருந்தால் ஒன்று சொல்லிச் சிரியுங்கள். டேர்ஹமின் லம்லி கோட்டையில் 2005இல் தங்கிய ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணியில் ஷேன் வாட்சன் பேய்க்குப் பயந்து பிரெட் லீயின் அறைத் தரையில் படுத்ததாகச் செய்தி வந்தது.

காசு. அட்வான்ஸில் ஒரு பகுதியையாவது மகள் தன் கிரெடிட் கார்டில் கட்டட்டும். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, ஹோட்டல் மூடிப் போனாலோ வாக்கு மீறினாலோ கார்டு நிறுவனத்திடம் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் வாங்கும் பொருளின் விலை 100 பவுணுக்கு மேலும் 30,000 பவுணுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். கட்டுகிற தொகையை அல்ல, மொத்த விலையைத்தான் பார்ப்பார்கள். கோட்டை முழுவதையும் இரண்டு நாளுக்கு எடுத்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். அப்படியானால் கலியாணக் காப்புறுதி எடுக்காமல் இறங்க வேண்டாம்.

என் யோசனை இதுதான். தாலிகட்டும் எழுத்தும் கோட்டையில், இரு பக்கமும் சேர்த்து ஹோட்டல் தரும் எண்ணுக்குள். உங்கள் பக்கம் ஐம்பது அறுபது வரும்: பெற்றோரின் சகோதரங்கள், அவர்களின் பிள்ளைகள், மகளின் சிநேகிதர். இரண்டு கிழமை கழித்து ஹரோவிலோ வெம்பிளியிலோ பெரிய ஹோலில் எல்லோருக்கும் ரிசெப்ஷன், வாழையிலைச் சாப்பாட்டோடு. தாலிகட்டுக்குக் கூப்பிடவில்லை என்று கோபிக்கிறவர்கள் இருப்பார்கள். 'கோட்டைக்குள் இத்தனை பேர்தான் சட்டம்' என்று சொல்ல உங்களிடம் உண்மையான காரணம் இருக்கிறது. இல்லை, 300 பேர் முன்னால்தான் தாலி ஏற வேண்டும் என்றால் தாலி கோயிலில், கோட்டை மகளின் எழுத்துக்கும் இராச்சாப்பாட்டுக்கும். இரண்டில் எது என்பதை நீங்கள்தான் தீர்க்க வேண்டும்.

அதைத் தீர்க்க முன் உங்கள் கணவரைப் பேச வையுங்கள். பெரும்பாலும் அப்பாமார் வாய் திறக்காததற்குக் காரணம் காசாக இருக்கும், அல்லது தன் அண்ணன் தம்பிமாருக்கு என்ன சொல்வது என்ற யோசனையாக இருக்கும். மகளையும் வைத்துக்கொண்டு கேட்காமல் தனியாகக் கேளுங்கள்.

ஹோட்டலுக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தாலிகட்டுக்கு எத்தனை பேர், சாப்பாட்டுக்கு எத்தனை பேர், ஓமத்துக்குக் காப்புறுதியின் எழுத்துச் சம்மதம் கிடைக்குமா, முதல்நாள் எத்தனை மணிக்கு ஹோல் கையில் வரும், வெளிச் சமையல் உண்டா, தையில் விலை என்ன, திகதி மாற்றினால் அட்வான்ஸ் என்னவாகும். எட்டாம் நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் அந்தத் திகதியை விட்டுவிடுங்கள். தையில் அவர்களிடம் வேறு திகதி இருக்கும்.